நொச்சிப்புதூர்க் கதவுகளும் கோகிலவாணியின் ஃபோல்டர்களும்

எங்க நொச்சிப்புதூர்ல யாரும் வீட்டுக் கதவுக்குப் பெயிண்டு அடிக்கறதில்லைங்க. அடிச்சாலும் நிக்காது. எங்க கதவுகளுக்கெல்லாம் நெறம் குடுக்கறது கோகிலவாணியோட கம்ப்யூட்டரு, அதுவும் அவ உக்காந்து மவுசை அமுக்குனாத்தான், அதுவும் கரண்டு இருந்தாத்தான். வெளியூர்க்காரங்க இதைக் கேட்டு வாயைப் பொளக்கறாங்க, எங்களுக்கு அது காலையில பால்காரன் வந்து மணி அடிக்கற மாதிரி ஆகிப்போச்சு. அது எப்பிடி, எதனாலன்னு என்னைக் கேக்காதீங்க. கேக்கறதுக்குன்னே என் பேக்கரிக்கு வர்றவங்களை டீயைக் குடிச்சுட்டு நடையைக் கட்டுங்கன்னு சொல்லிருவேன். நான் சொல்ல வந்தது மாராத்தாளுக்கு ஒரு கதவு கெடைச்ச கதையை.

என் பேரு நாச்சிமுத்து. பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல கீழே பேக்கரி, பக்கவாட்டுப் படியேறுனா மேல ஒத்தை ரூமு, அதுல நான் மட்டும். கல்யாணம் பண்ணிக்கலை. பொண்ணு பார்க்கப் போன வீட்டுல எல்லாம் அவங்க குடுத்த டீயை ஒரு வாய் குடிச்சுட்டு, பாலு சரியாக் காயலை, தூளு கசக்குதுன்னு உள்ளதை உள்ளபடி சொல்லிருவேன், அத்தோட அந்தச் சம்பந்தம் முடிஞ்சுரும். பொய் சொல்லிப் பொண்ணு கட்ட எனக்கு வரலைங்க. ஊருல சின்னது பெருசு அத்தனை பொம்பளைங்களும் என்னை அண்ணா, மாமா, தம்பின்னு ஏதாச்சும் மொறை வெச்சுத்தான் கூப்பிடுவாங்க. மாராத்தா ஒருத்திதான் எந்த மொறையும் வெக்காம "ஏனுங்க"ன்னு கூப்பிடுவா. அதை நான் கவனிச்சிருந்தேன், ஆனா யாருகிட்டயும் சொன்னதில்லை.

என் கடைக்குப் பக்கத்துக் கடைதான் கோகிலவாணியோடது. கல்யாணப் பத்திரிகை அடிக்கறது, பிளக்ஸ் பேனரு, ஆல்பம் டிசைனு எல்லாம் அவ ஒருத்திதான். வேலை சுத்தமா இருக்கும், வெச்ச எடந்தான் தெரியாது. யாரு வந்து போட்டா குடுத்தாலும் கம்ப்யூட்டர்ல ஒரு நியூ ஃபோல்டரைத் தொறந்து அதுக்குள்ள போட்டுருவா, அதுக்குப் பேரு வெக்க மாட்டா, அடுத்த ஆளு வந்தா அடுத்த நியூ ஃபோல்டரு, அதுக்குள்ள இன்னொரு நியூ ஃபோல்டரு, திரை பூராவும் ஒரே மஞ்சக் கலருல களத்துல மஞ்சக் கெழங்கு காயப்போட்ட மாதிரி கெடக்கும். வந்தவங்க எல்லாம் அவ தேடி முடிக்கறதுக்குள்ள என் கடையில ரெண்டு டீ குடிச்சுருவாங்க, அதனால நான் ஒண்ணும் சொல்லிக்கலை.

ஒருநாள் மேக்காலத் தெருக் கருப்பணன் நல்லா இருந்து அனுபவிச்சுக் காலமாயிட்டாரு. பேரனுங்க வந்து கண்ணீர் அஞ்சலி பேனரு வேணும், பொணத்தை எடுக்கறதுக்குள்ள கட்டியாகோணும்னு நின்ன காலுல நிக்க, கோகிலா அந்த ஃபோல்டரைத் தொறந்து இந்த ஃபோல்டரைத் தொறந்து, கடைசியில மணிவிழா பேனருக்குன்னு போட்டா குடுத்துட்டுப் போயிருந்த மஞ்ச வியாபாரி சென்னியப்பனை எடுத்து, ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி வெச்சு, கீழே கண்ணீரு சொட்டற கண்ணு ஒண்ணும் வெச்சு அடிச்சுக் குடுத்துட்டா. பேரனுங்களும் அழுத கண்ணோட சரியாப் பார்க்காம கொண்டுபோய் பஸ் ஸ்டாப்புல கட்டிட்டாங்க. ஈரோடு போயிட்டு பஸ்ஸை விட்டு எறங்குன சென்னியப்பன் தலைக்கு மேல தன்னையே பார்த்தாரு. பார்த்துட்டு, நேரா என் கடைக்கு வந்து தேங்காப் பன்னும் டீயும் சொல்லிட்டு உக்காந்து, "நாச்சிமுத்து, போட்டா நல்லாத்தான் வந்திருக்குது"ன்னாரு. அதுக்குள்ள அவரோட கொழுந்தியா பெருந்துறையில இருந்து மாரடிச்சுக்கிட்டு வந்து எறங்கி, பன்னு தின்னுட்டு இருந்த மனுஷனைக் கட்டிப் புடிச்சு, ஆரம்பிச்ச ஒப்பாரியை நடுவுல நிறுத்த முடியாம கடைசி வரைக்கும் பாடி முடிச்சுட்டுத்தான் மூக்கைச் சிந்துச்சு.

சென்னியப்பன் கோகிலா கடைக்குள்ள போய், சத்தம் போடாமக் கேட்டாரு. "ஏம்மிணி, என்னை எந்தப் பையில போட்டு வெச்சிருந்தே?"

"நியூ ஃபோல்டர்லதானுங்க பெரியப்பா."

"செத்தவனுக்கு?"

"அதுவும் நியூ ஃபோல்டர்தானுங்க."

அந்த வெக்கத்துலதான் கோகிலா ரெண்டு நாள் கடையை அரை ஷட்டர் எறக்கி வெச்சுட்டு, ஃபோல்டருக்கு எப்பிடிக் கலரு மாத்தறதுன்னு போன்ல வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டா. வீட்டுக்கு ஒரு ஃபோல்டரு, அதுக்கு அந்த வீட்டுப் பேரு. கல்யாணம் நடக்கற வீட்டுக்குக் குங்குமச் சிவப்பு, கொழந்தைக்குக் காது குத்தற வீட்டுக்குப் பச்சை, பொண்ணு பெரியவளாகிச் சீரு நடக்கற வீட்டுக்கு ரோஸ், புதுமனை போற வீட்டுக்கு நீலம், எழவு விழுந்த வீட்டுக்குச் சாம்பல், மணிவிழாவுக்குக் கத்திரிப்பூ. அத்தனையும் அடுக்கி முடிச்சுட்டு என்னைக் கூப்பிட்டுக் காமிச்சா. எனக்கே பார்க்க நிறைவா இருந்துச்சு, மளிகைக் கடையில புதுசா அடுக்குன டப்பாவைப் பார்க்கற மாதிரி. விடிஞ்சு பார்த்தா ஊருக் கதவுகளும் அதே மாதிரி அடுக்கி இருந்துச்சுங்க.

சென்னியப்பன் வீட்டுக் கதவு கத்திரிப்பூக் கலருல நின்னுச்சு. அவரு சம்சாரம் பெயிண்டு வாங்கி அடிச்சுதுன்னு அவரும், அவரு அடிச்சாருன்னு சம்சாரமும் நெனைச்சு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லாம மத்தியானம் வரைக்கும் நல்லா இருந்தாங்க. கருப்பணன் வீடு சாம்பலு. வடக்காலத் தெருவுல வரிசையா மூணு வீடு பச்சை. எங்க ஊருக்காரங்களும் கொஞ்ச நேரம் தெருவுல கூடி நின்னு பார்த்தாங்க, நகத்தால சொரண்டிப் பார்த்தாங்க, ஒருத்தரு நக்கிக்கூடப் பார்த்தாரு. அப்புறம் கோகிலா கம்ப்யூட்டர்ல ஒரு பச்சையை நீலமாக்குனா, தெருவுல ஒரு பச்சை நீலமாச்சு. ஓ, அப்பிடியான்னு சொல்லிட்டு அவங்கவங்க சோலியைப் பார்க்கப் போயிட்டாங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டோணுமில்லைங்க.

பெயிண்டருதான் கொஞ்ச நாள் மொனகிட்டுத் திரிஞ்சான், அப்புறம் ஜன்னலு அவன் கணக்கு, கதவு கோகிலா கணக்குன்னு பேசி முடிச்சுக்கிட்டாங்க. கல்யாண புரோக்கருங்க பஸ்ஸை விட்டு எறங்குனதும் வீடு வீடா விசாரிக்கறதை விட்டுட்டு, தெருவுல ஒரு நடை நடந்து கதவைப் பார்த்துட்டே போயிருவாங்க. மாமியா செத்த வீட்டு மருமக, சாம்பலை ஒரு மாசம் வெக்கலாமா, அதுக்கு முன்னாடியே மாத்துனா ஊரு ஏதாச்சும் பேசுமான்னு கோகிலாகிட்ட வந்து காதுல கேட்டுட்டுப் போகும். புதுசாப் பேரன் பொறந்த வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்கு முன்னாடியே கோகிலாவுக்குப் போனைப் போட்டு, அம்மிணி, பச்சையாக்கிரு, நாங்க வந்து எறங்கறப்ப பச்சையா இருக்கோணும்னு சொல்லுவாங்க, அவளும் எத்தனை வேலை இருந்தாலும் அதை மட்டும் தள்ளிப் போட மாட்டா.

செவப்புலதான் ஒரு வில்லங்கம் வந்துச்சு. அடுத்தடுத்த ரெண்டு வீட்டுல ஒரே மாசம் கல்யாணம், ரெண்டும் செவப்பு. மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரைச் சனம் தப்பான வீட்டுக்குள்ள போய் உக்காந்து, கேசரி பஜ்ஜி எல்லாம் தின்னு முடிச்சு, பொண்ணைக் கூப்பிடுங்கன்னு சொன்னப்பதான் அந்த வீட்டுல இருக்கறது மாப்பிள்ளைன்னு தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் கோகிலா கலரு போதாதுன்னு ஒவ்வொரு வீட்டு ஃபோல்டருக்கும் ஒரு படம் வெச்சா. ஒரு வீட்டுக்குக் கிளி, ஒரு வீட்டுக்குப் பம்புசெட்டு, ஒரு வீட்டுக்கு டிராக்டரு, சென்னியப்பனுக்கு மஞ்சக் கொத்து. அந்தப் படமெல்லாம் கதவுல நடுவாந்தரமா வந்து உக்காந்துக்கிச்சு. அதோட எங்க ஊருல தெருப் பேரும் கதவு நெம்பரும் ஒழிஞ்சே போச்சு. தபாலு, கேஸ் சிலிண்டரு, பத்திரிகை வெக்கறவங்க, ஓட்டுக் கேக்கறவங்க, அத்தனை பேரும் கிளிக் கதவு, பம்புசெட்டுக் கதவுன்னு கேட்டுத்தான் வந்தாங்க.

ஒருக்கா கை தவறி டிராக்டரு வீட்டு ஃபோல்டரை மறைச்சு வெக்கற பட்டனை அமுக்கிட்டா. அந்த வீட்டுல கதவே இல்லாமப் போச்சுங்க, வெறும் செவுரு. உள்ள இருந்தவங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துச் சத்தம் போட, நான் போய் கம்பிக்குள்ள ரொட்டியும் பட்டர் பிஸ்கட்டும் நீட்டுனேன். கோகிலா வேர்த்து விறுவிறுத்துத் தேடி எடுத்து மறுபடி காட்டுற வரைக்கும் அந்த வீட்டுப் பெருசு உள்ள நிம்மதியாத் தூங்குனாரு, கடன்காரன் வர முடியாதுன்னு. அதுக்கப்புறம் ஊருக்கே ஒரு பயம் புடிச்சுக்கிச்சு. காசு போட்டு கோகிலா கடைக்கு இன்வெர்ட்டரு வாங்கி வெச்சாங்க. எல்லா ஃபோல்டரையும் ஒரு பென் டிரைவுல ஏத்தி, அதுக்குத் திருநீறு பூசி, மாரியம்மன் கோயில் பீரோவுல வெச்சுப் பூட்டுனாங்க. வெள்ளிக்கிழமை பூசாரி சாமிக்குத் தீவாரணை காட்டிட்டு அதுக்கும் ஒரு சுத்துக் காட்டுவாரு. கோகிலாவோட யாரும் சண்டை போடறதில்லை. முறுக்கு சுட்டா மொதல்ல அவளுக்குத்தான்.

இப்ப மாராத்தாளுக்கு வர்றேன்.

ஊருக்குக் கெழக்கால லைன் வீடுங்க இருக்குது, அதுல கடைசி வீடு அவளோடது. அப்பனுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்தே வயசைத் தொலைச்சவ. அப்பனும் போயிட்டாரு, அதுக்கும் யாரும் பேனரு கட்டலை, அப்ப கோகிலா கடையே கெடையாது. நொச்சிப்புதூர்ல எந்த விசேஷம்னாலும் பந்தியில சாம்பாரு வாளி மாராத்தா கையிலதான். சமையக்காரங்க மாறுவாங்க, மண்டபம் மாறும், வாளி மாறாது. யாரு எலையில சோறு காய்ஞ்சு கெடக்குதுன்னு வாசப்படியில இருந்தே கண்டுபுடிச்சு வந்து ஊத்திட்டுப் போவா. வேண்டாம்னு கைகாட்டறவங்க மொகத்தைப் பார்த்தே அது நெசமான வேண்டாமா, கூச்சத்துல சொல்றதான்னு தெரிஞ்சு வெச்சிருந்தா. அப்பேர்ப்பட்டவளுக்குக் கல்யாணம் இல்லை, காது குத்து இல்லை, சீரு இல்லை, புதுமனை இல்லை. அதனால ஃபோல்டரு இல்லை. அதனால கதவு வெறும் பலகைக் கலருல, மழை பட்டு வெளுத்து, படம் இல்லாம இருந்துச்சு.

என் மேல் ரூமுக் கதவும் அப்பிடித்தாங்க. நான் பேனரு அடிச்சதில்லை, என் டீக்கு எதுக்குப் பேனரு. ஆனா பந்திக்கு டீ ஆத்தப் போற நாளு தவிர நான் காலையில இருந்து பொழுதோட வரைக்கும் கடையிலயே நிக்கறவன், என்னைத் தேடறவங்க கடைக்கு வந்துருவாங்க. மாராத்தாளை அப்பிடி யாரும் தேட முடியலை. சிலிண்டர்க்காரன் படம் போட்ட கதவாப் பார்த்துப் போட்டுட்டுத் திரும்பிருவான். பத்திரிகை வெக்கறவங்க கிளிக்கு வெச்சு, பம்புசெட்டுக்கு வெச்சு, லைன் வீட்டுல தென்னைமரத்துக்கு வெச்சு, கடைசிக் கதவு கண்ணுலயே படாமப் போயிருவாங்க. வேணும்னு பண்ணலைங்க, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சென்னியப்பன் மக கல்யாணத்துல தூக்குனதுதான் கடைசி, அப்புறம் வாளி தூக்கக் கூப்பிடறதுக்கும் ஆளு வரலை. மண்டபத்துக்காரங்களே பரிமாறறதுக்குப் பையனுங்களை வெச்சுக்கிட்டாங்க. அவனுங்க எலையைப் பார்க்காமச் செல்லைப் பார்த்துட்டு ஊத்துவானுங்க, பாதி சாம்பாரு வேட்டியில.

ஒருநாள் கடைக்கு வந்து நின்னா. "ஏனுங்க, ஒரு டீ போடுங்க. தெப்பக்காட்டு வீட்டுல காது குத்தாமுங்க. எனக்குச் சொல்லவே இல்லை."

"மறந்திருப்பாங்க."

"மறக்கலைங்க. தேடிப் பார்த்திருப்பாங்க, என் கதவு தெரிஞ்சிருக்காது." டீயை ஊதி ஊதிக் குடிச்சா. "திருப்பூருல எங்க சின்னம்மா மக பனியன் கம்பெனியில இருக்கறா. வந்துரு, ரூமுல எடமிருக்குதுன்னு கூப்புடறா. போயிரலாம்னு இருக்கறனுங்க. வர்ற வெள்ளிக்கிழமை."

போகாதேன்னு சொல்றதுக்கு வாய் வந்துச்சு. எந்த மொறையில சொல்றதுன்னு தெரியலை. "திருப்பூரு டீ வாயில வெக்க முடியாது"ன்னேன். அவ டம்ளரை வெச்சுட்டுப் போயிட்டா.

நேரா கோகிலாகிட்டப் போனேன். "மாராத்தாளுக்கு ஒரு ஃபோல்டரு போடு. செவப்பு, பச்சை, எதாச்சும்."

"என்னத்தை உள்ள வெக்கறதுங் மாமா?"

"ஒண்ணும் வெக்காதே. கலரை மட்டும் போடு."

போட்டா. லைன் வீட்டுக் கடைசிக் கதவு செக்கச்செவேல்னு ஆச்சு, நான் ஓடிப் போய்ப் பார்க்கறதுக்குள்ள அது வெளுத்து ரோஸாகி, ரோஸு வெளுத்துப் பலகையாகிப் போச்சு. உள்ள ஒண்ணும் இல்லாத ஃபோல்டர்ல கலரு நிக்கலைங்க. அடுத்தாப்புல, அவளுக்குப் பொறந்தநாளுன்னு ஒரு பேனரு போட்டு உள்ள வெச்சரலாம்னு நான் சொன்னேன். அது அவ காதுக்குப் போய், வந்தா பாருங்க கடைக்கு, "என் பொறந்தநாளு எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்? பொய்யைச் சொல்லி ஒரு கதவு எனக்கு வேண்டாம்"ன்னு, வாடிக்கைக்காரங்க முன்னாடியே. நானே பொய் சொல்லாதவன், என்னைப் போய் அப்பிடிக் கேட்டா. ஆனா அவ சொன்னது நாயந்தான், நான் டம்ளரைக் கழுவுனேன்.

வியாழக்கெழமை சாயங்காலம் கோகிலாவுக்கு டீ கொண்டுபோய்க் குடுக்கறப்ப சென்னியப்பன் அங்க உக்காந்திருந்தாரு. மக கல்யாணம் முடிஞ்சு ஆல்பம் பார்க்க வந்திருந்தாரு. திரையில மாப்பிள்ளையும் பொண்ணும் பந்தியில உக்காந்து சாப்புடற போட்டா. கோகிலா ஒரு கோடு போட்டு ஓரத்தை வெட்டுனா. வெட்டுன ஓரத்துல ஒரு கை, வளையலு போட்ட கை, அந்தக் கையில ஒரு வாளி.

"வெட்டுனது எங்க போகும்?"னு கேட்டேன்.

"எங்கயும் போகாதுங் மாமா. எதையும் அழிக்க எனக்கு மனசு வர்றதில்லை, எதுக்காச்சும் ஆகும்னு வெச்சுருவேன். பழைய நியூ ஃபோல்டருங்க இன்னும் ஒரு மூலையில கெடக்குதே, கலரு மாத்தாம விட்டது, அதுக்குள்ள."

"தொற."

தொறந்தா. எங்க ஊருக் கல்யாணத்தோட ஓரம் அத்தனையும், புது ஆல்பமாக்கக் குடுத்த பழைய காலத்துக் கல்யாணம் உள்பட, அதுக்குள்ள கெடந்துச்சுங்க. பாதித் தலை, தூணு, வாழைமரம், ஐஸ்கிரீம் கப்பு பொறுக்கற கொழந்தைங்க, அதுக்கு நடுவுல எல்லாத்துலயும் அந்த வாளி. நீலப் பொடவையில, அரக்குப் பொடவையில, குனிஞ்சு ஊத்திக்கிட்டு, நிமிந்து வேர்வையைத் தொடைச்சுக்கிட்டு, யாரோ கூப்பிடத் திரும்பிப் பார்த்துக்கிட்டு. இளம் பொண்ணா, அப்புறம் அப்பிடி இல்லாம, அப்புறம் காதோரத்துல நரையோட. சென்னியப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வேட்டியில தொடைச்சு மாட்டிக்கிட்டுப் பார்த்தாரு.

"என் மணிவிழாவுல ஊத்துனாளே, அதுவும் இருக்குதா?"

"இருக்குதுங்க பெரியப்பா."

"நான் ஒரே ஒரு நாளு செத்தவன் பையில கெடந்தேன், அதுக்கே கொழுந்தியா ஒப்பாரி பாடி முடிச்சுருச்சு. இந்தப் புள்ளை இத்தனை வருசம் வெட்டிப் போட்டதுங்க பையில கெடந்திருக்குது." அவரு நாற்காலியைத் திரைகிட்ட இழுத்துப் போட்டாரு. "எல்லாத்தையும் எடுத்து அது பேருல வையி அம்மிணி. என் மக ஆல்பத்துல வெட்டுனதை மறுபடி ஒட்டிரு."

கோகிலா ஒவ்வொண்ணாத் தொறந்து பார்த்துட்டே வந்தவ, ஒரு எடத்துல நிறுத்தி, திரையை ஒருக்கா என்னை ஒருக்காப் பார்த்துச் சிரிச்சா. என்ன சிரிப்புன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லைங் மாமா, நீங்க போய் டீ ஆத்துங்க, இது என் வேலை"ன்னு என்னைத் தொரத்தி விட்டுட்டா.

வெள்ளிக்கிழமை காலையில மாராத்தா கதவைப் பூட்டிட்டு, ஒரு பேக்கும் ஒரு சாக்குப் பையுமா வந்து பஸ் ஸ்டாப்புல நின்னா. என் கடைப் பக்கம் பார்க்கலை. நான் பாலைப் பொங்க விட்டுட்டு அவளையே பார்த்துட்டு நின்னேன். திருப்பூரு பஸ்ஸு பாலத்துக்கிட்ட ஹாரன் அடிக்கறது கேட்டுச்சு. அப்பப் பார்த்து கெழக்கால இருந்து சென்னியப்பன் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஓட்டமா ஓடி வர்றாரு, கையில ஒரு பத்திரிகை.

"மாராத்தா, மறுவீட்டு விருந்துக்கு வரோணும், உனக்குப் பத்திரிகை வெக்கத்தான் உன் வீட்டுக்குப் போனேன், நல்லாத் தெரிஞ்சுது கதவு, பூட்டியிருக்குது."

"எந்தக் கதவுங்க?"

"வந்து பாரு."

பஸ்ஸு வந்து நின்னுச்சு. அவ ஒரு காலைப் படியில வெச்சுட்டு எடுத்துட்டா. நாங்க எல்லாரும் கெழக்கால போனோம், கண்டக்டரும் கூடவே எறங்கி வந்துட்டான். லைன் வீட்டுக் கடைசிக் கதவு, அதுவரைக்கும் ஊருல எந்தக் கதவுலயும் இல்லாத ஒரு நெறத்துல நின்னுச்சு. நடுவுல படமா ஒரு சாம்பாரு வாளி, அதை ஒட்டி ஒரு கண்ணாடி டம்ளரு. கோகிலா சத்தியம் பண்ணுனா, அந்தக் கலரை அவ தேர்ந்தெடுக்கவே இல்லை, ராத்திரி பூராத் தேடி, மாராத்தா பூட்டிட்டுப் போனதுக்கப்புறந்தான் போட்டாவெல்லாம் உள்ள போச்சு, போனதும் அதுவா ஏறிக்கிச்சுன்னு. மாராத்தா பக்கத்துல போய் விரலை வெச்சுப் பார்த்தா. வெளுக்கலை. உள்ளங்கையை வெச்சு அமுக்குனா. அப்பவும் வெளுக்கலை.

"வாளி என்னுது. டம்ளரு எதுக்கு?"ன்னா.

அதுக்குக் கோகிலா பதில் சொல்றதுக்குள்ள, பின்னாடியே வந்த கேஸ் சிலிண்டர்க்காரன், "ஏனுங்க, வாளியும் டம்ளரும் போட்ட கதவு ரெண்டு இருக்குதே, எதுலங்க எறக்கறது?"ன்னு கேட்டான். ரெண்டாவது எங்கன்னு கேட்டதுக்கு என் பேக்கரி மாடியைக் கைகாட்டுனான்.

திரும்பிப் போய்ப் பார்த்தா, என் ஒத்தை ரூமுக் கதவு அதே நெறத்துல, அதே வாளி, அதே டம்ளரு. ஊரே அண்ணாந்து பார்த்துச்சு. எங்க ஊருக் கணக்குல ஒரே படம் போட்டிருந்தா ஒரே குடும்பம், அது சின்னக் கொழந்தைக்கும் தெரியும்.

"நான் ஒண்ணும் பண்ணலைங் மாமா"ன்னா கோகிலா. "பந்தி முடியற எடத்துல டீ டிரம்மை வெச்சுக்கிட்டு நீங்கதான் நிப்பீங்க. வாளி காலியானா அந்தக்கா உங்க பக்கத்துல வந்துதான் நிக்கும், நீங்க அரை டம்ளரு டீ குடுப்பீங்க. அந்த எடத்துல எடுத்த போட்டா அத்தனையிலும் அதேதான். உங்களைத் தனியா வெட்டிப் பார்த்தேன், வாளி பாதி போயிருச்சு. அந்தக்காவைத் தனியா வெட்டிப் பார்த்தேன், டம்ளரு பாதி போயிருச்சு. என்னால பிரிக்க முடியலைங்க. அப்பிடியே வெச்சுட்டேன்."

எனக்கு அழுகை வந்துருச்சுங்க. டீத்தூள் கண்ணுல விழுந்துருச்சுன்னு சொல்லிச் சமாளிக்க நான் என்ன பொய்யனா. அழுதேன், ஊரு பார்க்கட்டும்னு அழுதேன். மாராத்தா மேல கதவைப் பார்த்தா, அப்புறம் என்னைப் பார்த்தா. கண்டக்டரு விசில் அடிச்சுட்டு, "யக்கா, வர்றியா இல்லையா?"ன்னான்.

"நீ போ தம்பி"ன்னா. பேக்கைத் தூக்கிட்டு வந்து என் கடை பெஞ்சுல வெச்சா. "ஏனுங்க, பாலு பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு கெடக்குது, அதைப் பாருங்க மொதல்ல. அப்புறம் ஒரு டீ போடுங்க. அரை டம்ளரு வேண்டாம், முழு டம்ளரு."

போட்டேன். குடிச்சுட்டு, கதவை மறுபடியும் அண்ணாந்து பார்த்து, "நல்ல சாம்பாரு கலரு"ன்னா.

"அது டீ கலரு"ன்னேன். "நல்லா ஆத்துன டீ."

"கண்ணு தெரியுதுங்களா உங்களுக்கு? பருப்பு போட்ட சாம்பாரு."

அந்தச் சண்டை இன்னும் முடியலைங்க. ஊரு ரெண்டாப் பிரிஞ்சு நிக்குது, சென்னியப்பன் அவ கட்சி. கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சப்ப, இனி இந்த ஃபோல்டருக்குச் செவப்புப் போட்டரலாமுங்களான்னு கோகிலா கேட்டா, ரெண்டு பேரும் ஒரே சமயத்துல வேண்டாம்னோம்.

ஆவணியில மாரியம்மன் கோயில் மண்டபத்துல கல்யாணம். தாலி கட்டி முடிச்சதும் எங்களைக் கொண்டுபோய் மேடையில செவப்பு வெல்வெட்டு நாற்காலியில உக்கார வெச்சாங்க. பந்தி ஆரம்பிச்சுச்சு. மண்டபத்துப் பையன் ஒருத்தன் செல்லைப் பார்த்துட்டே ஒரு பெரியவரு எலையைத் தாண்டிப் போறதை மாராத்தா மேடையில இருந்தே பார்த்துட்டா. பட்டுப் பொடவையைத் தூக்கிச் சொருகிட்டு எறங்கிப் போய் அவன் கையில இருந்த வாளியைப் புடுங்கிக்கிட்டா. டீ டிரம்முகிட்ட எவனோ தண்ணியா ஆத்திட்டு இருந்தான். எனக்கும் பொறுக்கலை. மாலையைக் கழட்டாமயே எறங்கிப் போயிட்டேன்.

அந்தப் போட்டாதான் எங்க ஆல்பத்துல மொதப் பக்கம். நடுவுல பூ சோடிச்ச மேடையில ரெண்டு செவப்பு நாற்காலி காலியாக் கெடக்குது. எடது ஓரத்துல, பந்தி முடியற எடத்துல, மாலையோட ரெண்டு பேரு நிக்கறோம், அவ கையில வாளி, என் கையில டம்ளரு, பாதி ஒடம்பு போட்டாவுக்கு வெளியில. கோகிலா அதை வெட்டலைங்க.